லுக்கேமியா செல்லுக்குக் கொழுப்பு எதற்கு?

வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே வாட்சப்பில் இரண்டு விதமான அறிவுரைகள் வந்து குவிகின்றன. "சீனிதான் புற்றுநோய்க்குத் தீனி, சோறு, ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கொழுப்பாகச் சாப்பிடுங்கள்" என்கிறது ஒன்று. "லுக்கேமியா செல் கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது, தேங்காய்ப்பால், நெய், முட்டை எதையும் தொடாதீர்கள்" என்கிறது மற்றது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதலாவதை நம்பிச் சோற்றை நிறுத்தியவர்களும் உண்டு, இரண்டாவதை நம்பி நோயாளிக்கு வெறும் கஞ்சியை மட்டும் மாதக்கணக்கில் ஊட்டியவர்களும் உண்டு.

இரண்டு செய்திக்குப் பின்னாலும் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ஆய்வுகள் பேசுவது செல்லுக்குள்ளும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் நடக்கும் கொழுப்பு விவகாரத்தைப் பற்றி. நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. இது ஏன் என்று புரிய அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

லுக்கேமியா: சுருக்கமாக

ரத்தம் உற்பத்தியாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அங்குள்ள ஸ்டெம் செல்கள் படிப்படியாக முதிர்ந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகின்றன. மரபணுக் கோளாறால் ஒரு செல் முதிராமலே பெருகத் தொடங்கினால் அது லுக்கேமியா. முதிராத அந்தச் செல்லுக்கு பிளாஸ்ட் என்று பெயர். வேகமாக வளரும் வகைகளில் பெரியவர்களுக்கு அதிகம் வருவது ஏஎம்எல் (அக்யூட் மயலாய்டு லுக்கேமியா), பிள்ளைகளுக்கு அதிகம் வருவது ஏஎல்எல் (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா). கொழுப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஏஎம்எல்லைச் சார்ந்தவை என்பதால் இங்கும் அதைப் பற்றித்தான் அதிகம் வரும்.

ஏஎம்எல்லுக்கு 1973 முதல் நடைமுறையில் இருக்கும் கீமோ முறைக்கு '7+3' என்று பெயர்: சைட்டராபைன் 7 நாள், டானோருபிசின் போன்ற மருந்து 3 நாள். பலருக்கு இதில் நோய் அடங்கிவிடும். பிறகு சில மாதங்களிலோ வருடங்களிலோ திரும்பி வரும். குடும்பங்களை நொறுக்கிப் போடுவது இந்தத் திரும்பி வருதல்தான். கீமோவுக்குத் தப்பிய சில செல்கள், குறிப்பாக நோய்க்கு வேராக இருக்கும் லுக்கேமியா ஸ்டெம் செல்கள், மீண்டும் பெருகுவதுதான் இதற்குக் காரணம். அவை எப்படித் தப்புகின்றன என்ற கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் ஆய்வாளர்கள் கொழுப்பில் வந்து நின்றார்கள்.

எரிபொருள் கணக்கு

சீனி பற்றிய செய்தியின் வேர் 1920களில் இருக்கிறது. ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுநோய்த் திசு குளுக்கோஸை அள்ளி விழுங்கி, முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது என்று ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் காட்டினார். கண்டுபிடிப்பு சரியானது. ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும், எல்லாக் கட்டத்துக்கும் அது பொருந்தாது. லுக்கேமியா ஸ்டெம் செல்கள் பெரிதும் நம்பியிருப்பது மைட்டோகாண்ட்ரியாவை என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. செல்லுக்குள் எரிபொருளை ஆக்ஸிஜனோடு எரித்து ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தைத் தயாரிக்கும் உறுப்பு அது.

மைட்டோகாண்ட்ரியாவில் குளுக்கோஸிலிருந்து வருவதையும் எரிக்கலாம், அமினோ அமிலங்களையும் எரிக்கலாம், கொழுப்பு அமிலங்களையும் எரிக்கலாம். கொழுப்பில் கிடைக்கும் லாபம் பெரியது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதாக எரிந்தால் சுமார் 30 முதல் 32 ஏடிபி கிடைக்கும். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் ஒன்று எரிந்தால் 106. நம் ஊர் செம்பனை எண்ணெயில் நிறைய இருப்பது இதே பால்மிட்டிக் அமிலம்தான். எண்ணெயே சாப்பிடாதவர் உடம்பிலும் இது இருக்கும், ஏனென்றால் மாவுச்சத்திலிருந்து கல்லீரல் இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பல புற்றுநோய்ச் செல்களாலும் இதைத் தயாரிக்க முடியும்.

நீளமான கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தானாக நுழைய முடியாது. சிபிடி1 என்ற நொதி அதைக் கார்னிட்டின் என்ற சின்ன மூலக்கூறோடு கோர்த்துவிட்டால்தான் வாசல் திறக்கும். உள்ளே போனதும் இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்படும். பால்மிட்டிக் அமிலம் 7 வெட்டில் 8 துண்டாகும். இந்த வெட்டும் வேலைக்குக் கொழுப்பமில ஆக்ஸிகரணம் என்று பெயர். கட்டுரையின் மீதிப் பகுதியில் 'கொழுப்பை எரித்தல்' என்று சொல்வது இதைத்தான். சிபிடி1 என்ற வாசலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

மஜ்ஜைக்குள் இருக்கும் கொழுப்பு

இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசியால் எடுத்த மஜ்ஜைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏறிய செல்களுக்கு நடுவே வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகள் தெரியும். அவை கொழுப்புச் செல்கள் இருந்த இடங்கள். கண்ணாடித் தகட்டுக்குத் தயார் செய்யும்போது ரசாயனங்கள் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் வெறும் கூடுதான் எஞ்சுகிறது. பிறந்த குழந்தையின் மஜ்ஜையில் இந்த ஓட்டைகளைக் காண்பது அரிது. 25 வயதுக்குள் மஜ்ஜையின் கொள்ளளவில் 50 முதல் 70 விழுக்காடு கொழுப்புச் செல்களுக்குப் போய்விடுகிறது. ஒல்லியானவர், பருமனானவர் எல்லாருக்கும் இது உண்டு.

ஏஎம்எல் வந்தவரின் துண்டில் பிளாஸ்ட்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வெள்ளை வட்டங்கள் குறைந்து போயிருக்கும். அந்தக் கொழுப்புச் செல்களுக்கு என்ன ஆனது? இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்த பிளாஸ்ட்களை மஜ்ஜைக் கொழுப்புச் செல்களோடு சேர்த்து வளர்த்தபோது, பிளாஸ்ட்கள் அனுப்பும் சைகையால் கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக வெளியே விட்டன. எஃப்ஏபிபி4 என்ற புரதம் அதைச் சுமந்து போக உதவியது. பிளாஸ்ட்கள் அதை எடுத்து எரித்து, தனியாக வளர்ந்தவற்றைவிட அதிகம் பிழைத்தன. எஃப்ஏபிபி4ஐக் குறைத்த எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன.

அதற்கு முந்தைய வருடம், 2016இல், எலிகளில் செய்த இன்னோர் ஆய்வு மஜ்ஜைக்கு வெளியே பார்த்தது. லுக்கேமியா ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திசுவில் போய்க் குடியேறியிருந்தது. அந்தச் செல்களின் மேற்பரப்பில் சிடி36 என்ற புரதம் அதிகம் இருந்தது. கொழுப்பு அமிலங்களை உள்ளே இழுக்கும் புரதம் அது. சிடி36 உள்ள செல்கள் கீமோவுக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.

இதைப் படித்துவிட்டு மஜ்ஜைக் கொழுப்பே ஒரு தீய பொருள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் கொழுப்புச் செல்கள் ஆரோக்கியமான ரத்த உற்பத்திக்கும் துணை நிற்கின்றன. லுக்கேமியா அவற்றைச் சீர்குலைப்பதும் சிவப்பணு உற்பத்தி விழுவதற்கு ஒரு காரணம் என்று 2017இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு சொன்னது.

கீமோ நன்றாக வேலை செய்தால், சிகிச்சையின் நடுவில் எடுக்கும் மஜ்ஜைத் துண்டில் பிளாஸ்ட்கள் அழிந்து, கொழுப்பு வட்டங்கள் பளிச்சென்று தெரியும். அறிக்கையில் மஜ்ஜை 'காலியாக' இருக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குடும்பத்தினர் பயப்படுவார்கள். அந்தக் கட்டத்தில் அது எதிர்பார்க்கப்படும் நல்ல செய்திதான். ஆனால் தப்பிப் பிழைத்த கொஞ்சநஞ்சச் செல்கள் ஒளிந்திருக்கக்கூடிய இடமும் அதே கொழுப்புக்கு நடுவில்தான்.

மருந்தை எதிர்த்து நிற்கக் கொழுப்பு உதவும் வழிகள்

1. ஆற்றல். மருந்து ஒரு எரிபொருளை முடக்கினால் செல் இன்னொன்றுக்குத் தாவுகிறது. கேஸ் தீர்ந்ததும் பெட்ரோலுக்கு மாறி ஓடிய கோலாலம்பூர் என்ஜிவி டாக்சிகளைப் போல, ஒன்றை மட்டும் மூடினால் வண்டி நிற்பதில்லை. மற்ற வழிகளைவிட இதற்குத்தான் ஆய்வுச் சான்று அதிகம். அடுத்த பகுதி முழுக்க இதைப் பற்றியது.

2. நச்சுத் தடுப்பு. டானோருபிசின் போன்ற மருந்துகள் செல்லுக்குள் வீரியமான ஆக்ஸிஜன் துகள்களை உண்டாக்குகின்றன. செல்லைக் கொல்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. கொழுப்பை எரிக்கும்போது கிடைக்கும் இடைப்பொருள்களிலிருந்து என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறைத் தயாரிக்க முடியும். அந்தத் துகள்களை அடக்கும் வேலைக்குத் தேவையானது அதுதான்.

3. செல் சவ்வு. செல்லைச் சுற்றியுள்ள சவ்வே பெரிதும் கொழுப்பால் ஆனது. அதில் எந்த வகைக் கொழுப்பு எவ்வளவு என்பதைச் செல் மாற்றியமைத்துக்கொள்ளும். எளிதில் ஆக்ஸிகரணம் ஆகும் பலபடி நிறைவுறாக் கொழுப்பைக் குறைத்தால் சவ்வு சீக்கிரம் சிதையாது.

4. மருந்தை வழியிலேயே பறித்தல். இதில் வேலை செய்வது பக்கத்தில் இருக்கும் கொழுப்புச் செல். ஏஎல்எல் பற்றிய ஆய்வுகளில் கொழுப்புச் செல்கள் டானோருபிசினை உறிஞ்சி, செயலிழந்த வடிவமாக மாற்றிவிடுவது தெரிந்தது. லுக்கேமியா செல்லைப் போய்ச் சேரும் மருந்தின் அளவே குறைந்துவிடுகிறது.

வெனடோக்ளாக்ஸ் காட்டிய உண்மை

வயதானவர்களில் பலரால் 7+3ஐத் தாங்க முடியாது. அவர்களுக்கு இப்போது அதிகம் கொடுக்கப்படுவது அசாசைட்டிடின் ஊசியோடு வெனடோக்ளாக்ஸ் மாத்திரை. அமெரிக்கா 2018இல் ஏஎம்எல்லுக்கு இதை அனுமதித்தது. 431 நோயாளிகளை வைத்து நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வில், அசாசைட்டிடின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 9.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 14.7 மாதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த எண்ணிலேயே தெரிகிறது, பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

செல்லுக்குள் தற்கொலை ஏற்பாடு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அதை அழுத்தி வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று பிசிஎல்-2. வெனடோக்ளாக்ஸ் அதைத் தடுத்து, மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழ வைத்து, செல்லைச் சாகடிக்கிறது. இதுதான் முதலில் புரிந்துகொண்டது. 2018இல் அமெரிக்காவின் கொலராடோ ஆய்வாளர்கள் இன்னொரு தளத்தைக் காட்டினார்கள். இந்தக் கூட்டு மருந்து லுக்கேமியா ஸ்டெம் செல்லின் ஆற்றல் உற்பத்தியையே சரிக்கிறது. முதன்முறை நோய் கண்டவர்களின் ஸ்டெம் செல்கள் பெரிதும் அமினோ அமிலங்களை நம்பியிருக்கின்றன. மருந்து அந்த அமினோ அமில வரத்தைக் குறைக்கிறது, மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது, செல் விழுகிறது.

நோய் திரும்பி வந்தவர்களின் செல்களில் கதை மாறுகிறது. அமினோ அமிலம் குறைந்ததும் அவை கொழுப்பு அமிலத்துக்குத் தாவுகின்றன. அதே குழுவின் 2020 ஆய்வு, வெனடோக்ளாக்ஸுக்கு அசையாத ஸ்டெம் செல்களில் கொழுப்பை எரித்தல் கூடுதலாக நடப்பதைக் காட்டியது. ராஸ் (RAS) என்ற மரபணு வகையில் மாற்றம் உள்ள செல்கள் இதில் முன்னால் நின்றன. ஆய்வுக்கூடத்தில் கொழுப்பு எரிப்பைத் தடுத்தபோது, அசையாமல் இருந்த செல்கள் மீண்டும் மருந்துக்கு வசப்பட்டன. இந்தத் துறையில் என் கவனத்தை அதிகம் கவர்ந்த முடிவு இதுதான், ஏனென்றால் எதிர்ப்பு என்பது செல்லின் நிரந்தரக் குணமல்ல, திருப்பிவிட முடிகிற ஒரு நிலை என்று இது சொல்கிறது.

அப்படியானால் கொழுப்பு எரிப்பதைத் தடுத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. சிபிடி1 என்ற வாசலை அடைக்கும் மருந்து பல வருடங்களாகவே இருக்கிறது. எட்டோமாக்ஸிர் என்று பெயர். ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2010இல் அதைக் கொடுத்து, லுக்கேமியா செல்களை மற்ற மருந்துகளுக்கு எளிதில் பணிய வைத்தார்கள். ஆனால் இதயச் செயலிழப்புக்காக அதை மனிதர்களிடம் சோதித்தபோது சிலருக்குக் கல்லீரல் நொதிகள் எகிறின. சோதனை நிறுத்தப்பட்டது.

பிரச்சினை ஒரு மருந்தோடு முடிவதில்லை. நம் இதயம் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலத்திலிருந்துதான் எடுக்கிறது. கீமோவால் ஏற்கெனவே இதயம் தளர்ந்த ஒருவருக்கு அதைத் தடுப்பது விளையாட்டல்ல. ஆரோக்கியமான ரத்த ஸ்டெம் செல்களும் தம்மைப் பராமரித்துக்கொள்ளக் கொழுப்பை எரிக்கின்றன. லுக்கேமியா செல் அதிகம் நம்பியிருக்கும் ஏதோ ஒரு படியை மட்டும் குறிவைக்க வேண்டும். விஎல்சிஏடி என்ற நொதி அப்படி ஒரு படி. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலத்தை வெட்டும் முதல் வேலையைச் செய்வது அது.

அவகாடோ லுக்கேமியாவைக் குணப்படுத்தும் என்ற செய்தி கிளம்பிய இடமும் இதுதான். 2015இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவகாடோவில் உள்ள அவகாட்டின் பி என்ற கொழுப்புப் பொருள் ஏஎம்எல் செல்களின் கொழுப்பு எரிப்பைத் தடுத்து அவற்றைக் கொல்வதைக் காட்டினார்கள். அது சோதனைக் குழாயில், பிரித்தெடுத்த பொருளை வைத்துச் செய்தது. கடையில் அவகாடோ ஜூஸ் குடிப்பதால் அந்த அளவு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது. பிடித்தால் பழமாகச் சாப்பிடலாம். கீமோவை நிறுத்திவிட்டு ஜூஸை நம்புவது உயிரை எடுத்துவிடும்.

சரி, சாப்பாட்டில் என்ன செய்வது?

முதலில் கீட்டோ உணவு, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாடு. 2018இல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வில், ஒரு குறிப்பிட்ட மருந்தோடு கீட்டோ உணவு சேர்ந்தபோது மருந்தின் பலன் கூடியது. ஆனால் அதே ஆய்வில், மருந்தே இல்லாமல் கீட்டோ மட்டும் தின்ற ஏஎம்எல் எலிகளுக்கு நோய் இன்னும் வேகமாக முற்றியது. முதல் வாட்சப் செய்தியை அனுப்புகிறவர்கள் இந்தப் பாதியைச் சேர்த்து அனுப்புவதில்லை.

இரண்டாவது, கொழுப்பை அறவே ஒதுக்குவது. வெனடோக்ளாக்ஸ் சாப்பிடுகிறவருக்கு இது நேரடியாகவே கெடுதல். வெறும் வயிற்றோடு ஒப்பிட்டால், கொழுப்புக் குறைந்த சாப்பாட்டோடு அந்த மாத்திரை சுமார் 3.4 மடங்கு அதிகமாக ரத்தத்தில் சேர்கிறது, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு 5 மடங்குக்கு மேல். அதனால்தான் சாப்பாட்டோடு விழுங்கச் சொல்கிறார்கள். வாய்க்குப் பிடிக்காமல் இரண்டு வாய் வெறும் கஞ்சியோடு மாத்திரையைப் போட்டால் மருந்து போதிய அளவு ஏறாது போகலாம். இட்லியோ தோசையோ முட்டையோ, வழக்கமான சாப்பாடு போதும்.

இதே மாத்திரையோடு கிரேப்ஃப்ரூட், செவில் ஆரஞ்சு, கடைகளில் பெலிம்பிங் என்று விற்கும் நட்சத்திரப் பழம் மூன்றும் கூடாது. மருந்தைச் சிதைக்கும் நொதியை இவை தடுப்பதால் மருந்து உடம்பில் அளவுக்கு மீறித் தேங்கும். ஈப்போ தம்புன் பக்கம் சாலையோரத்தில் விற்கும் பொமெலோ, கிரேப்ஃப்ரூட்டின் தாய்ப் பழங்களில் ஒன்று. அதையும் மருந்தாளரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் பொசகோனசோல் போன்ற மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். அப்போது மருத்துவரே வெனடோக்ளாக்ஸ் அளவைக் குறைப்பார். "ஏன் மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்" என்று கலங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, உடல் எடை. கொழுப்புத் திசுவின் அளவு சிகிச்சையைப் பாதிக்கிறது என்பதற்கு ஏஎல்எல் வந்த பிள்ளைகளிடம் சான்று இருக்கிறது. நோய் கண்டபோது பருமனாக இருந்த 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 2021இல் வெளியான ஒரு சிறு அமெரிக்க ஆய்வில் 10 முதல் 21 வயதுக்குள் இருந்த 40 பேருக்கு, முதற்கட்ட கீமோவின்போது கலோரியை மிதமாகக் குறைத்து உடற்பயிற்சியும் சேர்த்தார்கள். முன்பு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்களிடம் எஞ்சிய லுக்கேமியா செல்கள் தென்படும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூடுதல் எடையோடு இருக்கும் மலேசியாவில் இந்தக் கேள்வி முக்கியமானதுதான். ஆனால் அது உணவியல் நிபுணர் கூடவே இருந்து, எடையையும் தசையையும் கணக்கெடுத்துச் செய்த சிகிச்சை. கீமோவில் இருக்கும் அறுபது வயதுக்காரரை வீட்டிலேயே பட்டினி போடுவதற்கு அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. அவருக்கு உடனடி ஆபத்து தசை கரைவதும் தொற்றைத் தாங்கும் தெம்பு போவதும்தான்.

ஏஎல்எல் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று. அஸ்பராஜினேஸ் ஊசியும் ஸ்டீராய்டும் சேர்ந்து போகும் நாட்களில் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு பல மடங்கு ஏறிவிடும். எடுத்த ரத்தத்தைச் சோதனைக் குழாயில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மேலே தெளியும் நீர் பால் மாதிரி வெண்மையாக இருக்கும். "என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்" என்று அம்மாவைக் கேட்கும் உறவினர்கள் உண்டு. அது மருந்தின் விளைவு. நாசி லெமாக் கொடுத்ததால் வந்ததல்ல, லுக்கேமியா முற்றியதால் வந்ததும் அல்ல. மருந்து நிறுத்தியபின் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே வார்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, மருந்துக்கடையில் உடல் இளைக்க விற்கும் எல்-கார்னிட்டின், கொழுப்பு கரைக்கும் டீ, ஜாமு என்ற மூலிகை மருந்து எதுவானாலும் ரத்த நோய்ப் பிரிவு மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆம்பாங் மருத்துவமனையோ பினாங்கு பொது மருத்துவமனையோ, எங்கே சிகிச்சை என்றாலும் இதே பேச்சுத்தான். கார்னிட்டின் கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றும் மூலக்கூறு என்று மேலே பார்த்தோம். ஜாமு விஷயம் இன்னும் மோசம்: லேபிளில் சொல்லாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஜாமுகளைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் பலமுறை பிடித்திருக்கின்றன. ஏஎல்எல் சிகிச்சையில் மருத்துவர் அளந்து கொடுப்பதும் அதே ஸ்டீராய்டுதான்.